மில்லில் வேலை செய்பவருக்கு உடம்பு முடியாமல் போனால்: சம்பளம் எங்கிருந்து வரும், வேலை நிற்குமா?

கேள்வி இதுதான்: பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் அம்மா 11 வருடமாக வேலை செய்கிறார், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 ஷிப்ட். ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) இரண்டும் பிடிக்கிறார்கள். ஒரு வருடமாக இருமலும் மூச்சிறுக்கமும். தனியார் டாக்டர் இரண்டு மாதம் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. மில்லில் கேட்டால், "வேலைக்கு வராம சம்பளம் எப்படீங்க அம்மிணி குடுக்கறது? ரிசைன் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நல்லானதும் வாங்க, பாத்துக்கலாம்" என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஒன்று. அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "நல்லானதும் வாங்க" என்பது வாய்ப்பேச்சு. ராஜினாமா என்பது எழுத்து. நோய்க்காலத்தில் வேலைக்கு இருக்கும் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால், அது விருப்பத்தோடு கொடுத்தது அல்ல, உடம்பு முடியாத நிலையில் வற்புறுத்தி வாங்கியது என்று இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கழித்து எழுதும் கடிதத்துக்கு அந்த மதிப்பு இருக்காது.

சம்பளம் பற்றி மேனேஜர் சொல்வதில் பாதி சரி. வராத நாளுக்கு மில் சம்பளம் தர வேண்டியதில்லை. தர வேண்டியது ஈஎஸ்ஐ. அம்மாவின் 15,600 ரூபாயில் மாதாமாதம் 0.75 சதவீதம், அதாவது 117 ரூபாய், பிடித்திருக்கிறார்கள். மில் தன் பங்காக 3.25 சதவீதம், 507 ரூபாய் கட்ட வேண்டும். மாத்திரை வாங்குவதற்கு மட்டும் கட்டும் பணம் என்றுதான் நம் பக்கம் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஈடாகப் பணம் வாங்குவதும் அதே 117 ரூபாய்க்குள் இருக்கும் உரிமை. யார் தயவும் அதற்கு வேண்டாம்.

(2025 நவம்பர் 21 முதல் ஈஎஸ்ஐ சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மாறும் காலத்தில் பழைய விதிகளும் ஒழுங்குமுறைகளும் தொடரும் என்று அரசு அறிவித்தது. கீழே சொல்லும் கணக்கு, பிரிவு எண் எல்லாம் அந்தப் பழைய விதிகளின்படிதான்.)

நாளைக்கே செய்ய வேண்டியது, அம்மாவின் கார்டில் எந்த ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி போட்டிருக்கிறதோ அங்கே அவரை நேரில் அழைத்துப் போவது. தனியார் டாக்டரின் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து பில் எல்லாம் கையில் இருக்கட்டும். அங்குள்ள டாக்டர் பரிசோதித்துவிட்டு வேலைக்குத் தகுதியில்லை என்று சான்று தர வேண்டும். அதுதான் முதல் சான்று. தனியார் டாக்டரின் "இரண்டு மாதம் ஓய்வு" சீட்டை மட்டும் வைத்து ஈஎஸ்ஐயில் பணம் வராது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. ஒரு மாதம் தனியாரிடம் பார்த்துவிட்டு, பணம் தீர்ந்த பிறகு டிஸ்பென்சரிக்குப் போவார்கள். போன நாளிலிருந்துதான் சான்று கிடைக்கும், முந்தைய நாட்கள் தொங்கலில் நிற்கும். டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற உறுதியான ஆவணம் இருந்தால் அந்த நாட்களையும் ஏற்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம். ஆனால் அது அலுவலகம் பார்த்து முடிவு செய்வது, உறுதியாக வரும் என்று நம்பி இருக்க முடியாது.

முதல் சான்றுக்குப் பிறகு, ஓய்வு தொடர்ந்தால், வழக்கமாக வாரம் ஒருமுறை இடைச்சான்று வாங்க வேண்டும். நோய் நீளும் என்று தெரிந்தால் ஒரே தடவையில் நான்கு வாரம் வரைக்கும் சிறப்பு இடைச்சான்று தருவார்கள். வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்று. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் கூட இடைவெளி விழக் கூடாது. ஒரு சான்று 14ஆம் தேதியோடு முடிந்து அடுத்தது 17இல் தொடங்கினால் 15உம் 16உம் போச்சு. ஒவ்வொரு சான்றையும் வாங்கியவுடன் போன் கேமராவில் படம் எடுத்துவிட்டு, ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கிளெய்ம் படிவத்தோடு கொடுங்கள். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் ஒரு மாதிரி, ஈஎஸ்ஐயில் ஒரு மாதிரி இருந்தால் பணம் அங்கேயே நின்றுவிடும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதற்காகவே மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு, அதனால் முதல் நாளே அதைச் சரிபாருங்கள். எல்லாத் தாளும் சரியாகச் சேர்ந்துவிட்டால் 7 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி.

இனி தகுதி. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஈஎஸ்ஐ வருடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் வரும் நோய்க்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் வரும் நோய்க்கு. கட்டும் ஆறு மாதத்துக்குக் கட்டண காலம், அதற்குப் பலன் கிடைக்கும் ஆறு மாதத்துக்குப் பலன் காலம் என்று பெயர். அந்தக் கட்டண காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது பிப்ரவரியில். ஆகவே பார்க்க வேண்டியது போன ஏப்ரல்–செப்டம்பர் கணக்கு. இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறாரா என்பதில்லை, அப்போது 78 நாள் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாதம் 26 ஷிப்ட் போனவருக்கு மூன்று மாதத்திலேயே 78 வந்துவிடும், மில் அதைச் சரியாகக் காட்டியிருந்தால்.

காட்டியிருக்கிறார்களா என்பதை நீங்களே பார்க்கலாம். ஈஎஸ்ஐயை நடத்தும் கழகமான ஈஎஸ்ஐசியின் இணையதளத்தில் காப்பீட்டாளர் பகுதியில் அம்மாவின் 10 இலக்க எண்ணைக் கொண்டு நுழைந்தால் மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று வரும். அரசின் உமங் ஆப்பிலும் வரும். அந்தப் பக்கத்தைச் சம்பளச் சீட்டோடு ஒட்டிப் பாருங்கள். 26 நாள் வேலை செய்த மாதத்துக்கு 12 நாள் என்று இருக்கலாம். 600 ரூபாய்க்கு 400 என்று இருக்கலாம். அப்படி இருந்தால், கிடைக்கும் பணமும் அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான் வரும். வித்தியாசம் இருந்தால் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் நகலோடு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மில் பணமே கட்டவில்லை என்றால் "கட்டாததால் உங்களுக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. கட்டியிருக்க வேண்டியதுதான் என்று தெரிந்தால் ஈஎஸ்ஐசி தொழிலாளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் இதேதான், கட்டும் பொறுப்பு கடைசியில் மில்லுடையது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வினை. சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறுவார்கள். போகும் இடத்தில் எல்லாம் புது ஈஎஸ்ஐ எண் போட்டுவிடுவார்கள். ஒரே ஆளுக்கு மூன்று எண், ஒவ்வொன்றிலும் 40 நாள், 50 நாள். எதிலும் 78 வராது. ஈஎஸ்ஐ எண் ஆளுக்கு உரியது, கம்பெனிக்கு அல்ல. சேரும்போதே பழைய எண்ணைக் கொடுக்க வேண்டும். பிரிந்து கிடக்கிறது என்றால் உடம்பு நன்றாக இருக்கும்போதே கிளை அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

இனி பணம். நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். 600க்கு 420 ரூபாய். முதல் 2 நாளுக்குக் கிடையாது. (இதற்கு முன் பணம் வாங்கிய ஓய்வு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் அந்த 2 நாள் கழிவு இல்லை.) சான்றில் 60 நாள் இருந்தால் 58 நாளுக்கு 24,360 ரூபாய். முழு இரண்டு மாதம் வேலை செய்திருந்தால் 31,200. ஞாயிறும் கணக்கில் சேருவதால் குறைவு அவ்வளவு பெரிதாக இல்லை. அந்த முதல் 2 நாளுக்கு மில்லில் ஈட்டிய விடுப்பு மீதம் இருந்தால் எழுதிக்கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஈஎஸ்ஐ பணம் வாங்கும் நாளுக்கு மில்லில் விடுப்புச் சம்பளமும் வாங்கக் கூடாது. ஈஎஸ்ஐ மில்லுக்கு ஒரு படிவம் அனுப்பி, இந்தத் தேதிகளில் இவர் வேலை செய்தாரா, சம்பளம் வாங்கினாரா என்று கேட்கும். இரண்டும் மோதினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். ஓய்வில் இருக்கும்போது பக்கத்தில் தறிக்குடோனுக்கு நான்கு நாள் போய்வருவதும் அப்படித்தான் முடியும்.

இரண்டு அடுத்தடுத்த பலன் காலத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு, மொத்தம் 91 நாள் வரைதான் இது. அதற்கு மேலும் நோய் நீண்டால் அது என்ன நோய் என்பதைப் பொறுத்தது. காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுக்குழாய் விரிவு நோய், முதுகெலும்பு டிஸ்க் விலகல், தீவிர மனநோய் என 34 நீண்டகால நோய்கள் பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு 91 நாளுக்குப் பிறகு 80 சதவீதம், 2 வருடம் வரை நீட்டலாம். இதற்கு 2 வருடத் தொடர் வேலையும், முந்தைய நான்கு கட்டண காலத்தில் 156 நாள் கட்டியிருப்பதும் வேண்டும். அம்மாவுக்கு 11 வருடம் என்பதால் அது தடையில்லை. ஆனால் சாதாரண ஆஸ்துமா இந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் நோயின் சரியான பெயர் தெரிவது பணத்துக்கே முக்கியம். ஒரு வருட இருமல் என்கிறீர்கள், சளிப் பரிசோதனை செய்துவிட்டார்களா? இல்லையென்றால் முதலில் அது. காசநோய் என்று வந்தால் அரசு நிக்ஷய் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காகத் தனியாக வரும்.

ஒரு பொறியும் சொல்லிவிடுகிறேன். நோயில் படுத்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் ஏறாது. ஏப்ரல்–செப்டம்பரில் நான்கு மாதம் படுத்துவிட்டால் அந்தக் காலத்தில் 78 நாள் நிரம்பாமல் போகலாம், அடுத்த ஜனவரி–ஜூனில் மறுபடி விழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது. உடம்பு தேறியதும் எந்தத் தேதியில் திரும்புவது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் பாருங்கள்.

அடுத்து, இந்தக் கேள்வியில் யாரும் கேட்காமல் விட்ட ஒன்று. அம்மா 11 வருடமாக இருப்பது கார்டிங்கில். பஞ்சுத் தூசு மில்லில் மிக அதிகமாகப் பறக்கும் இடங்கள், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமும் கார்டிங்கும். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது நெஞ்சிறுக்கம் அதிகமாக இருந்து, அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் விடுகிறதா? "ஆமா, திங்கக்கிழமையானா மூச்சே வாங்க முடியறதில்லைங்க" என்று சொன்னால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோயான பிஸ்ஸினோசிஸின் அடையாளம் அது. வருடங்கள் போகப் போக அந்தத் திங்கட்கிழமை வித்தியாசம் மறைந்து எல்லா நாளும் இறுக்கமாகிவிடும். அதனால் "முதலில் எப்படி இருந்தது" என்றும் கேளுங்கள்.

பிஸ்ஸினோசிஸ் ஈஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. கோவை ஃபவுண்டரிகளில் மணல் தூசால் வரும் சிலிகோசிஸும், தறிச்சத்தத்தில் போகும் காதும் அதே பட்டியலில். தொழில்சார் நோய் என்று ஏற்கப்பட்டால் அது நோயல்ல, வேலைக்காயம். கணக்கே மாறிவிடும். 70 சதவீதத்துக்குப் பதில் 90. 78 நாள் நிபந்தனை இல்லை, 91 நாள் வரம்பு இல்லை. அம்மாவுக்கு நாளுக்கு 540 ரூபாய், வேலை செய்ய முடியாத காலம் முழுவதும். நிரந்தரமாகச் சம்பாதிக்கும் திறன் குறைந்தது என்று மருத்துவக் குழு சதவீதம் போட்டால், அது 20 சதவீதம் என்றால்கூட, நாளுக்கு 108 ரூபாய் ஆயுள் முழுவதும்.

ஆனால் இது தானாக நடக்காது. டிஸ்பென்சரியில் அவசரத்தில் "பிராங்கைடிஸ்" என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அம்மா எத்தனை வருடம், எந்தப் பகுதியில், எந்த இயந்திரத்தில் வேலை செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தொழில்சார் நோயா என்று சிறப்பு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நுரையீரல் திறன் சோதனைக்காகக் கோவை சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்குங்கள். சம்பளச் சீட்டில் பகுதியின் பெயர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை 70 சதவீதம் வாங்கிக்கொண்டே இருக்கலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம்.

வேலை போகுமா என்பதற்கு வருகிறேன். 1948 ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்வது: நோய்க்கால உதவி வாங்கும்போதோ, முறையான சான்றோடு நோயால் வராமல் இருக்கும்போதோ, தொழிலாளியை நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது. இதற்கு எல்லையும் உண்டு. தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் போனால், காசநோய், புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கு 18 மாதத்துக்கு மேல் போனால், பணி நிபந்தனைகள் இடம் கொடுத்தால், உரிய நோட்டீஸோடு நீக்கலாம் என்று ஈஎஸ்ஐ பொது ஒழுங்குமுறைகளில் 98ஆவது சொல்கிறது. இரண்டு மாத ஓய்வு அந்த எல்லைக்கு வெகு தூரம். ஆனால் பாதுகாப்பு சான்றோடுதான் வருகிறது. தகவல் சொல்லாமல் வீட்டில் இருந்தால் "தானாக வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அதனால் முதல் சான்று கிடைத்த அன்றே மில்லுக்கு இப்படி ஒரு கடிதம்: "எனக்கு உடல்நலம் இல்லாததால் இன்ன தேதி முதல் வேலைக்கு வர இயலவில்லை. ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று நகல் இணைத்துள்ளேன். தொடரும் சான்றுகளையும் அவ்வப்போது அனுப்புவேன். நான் வேலையை விடவில்லை. குணமானதும் பணிக்குத் திரும்புவேன்." பெயர், டோக்கன் எண், தேதி, கையெழுத்து. ஸ்பீடு போஸ்டில் ஒன்று, மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு ஒன்று. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வார்டன் மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார், சான்று ஒன்றும் இருக்காது, பிள்ளை ஊருக்குப் போனதும் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மீறி நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். ஈஎஸ்ஐ பணம் தராமல் இழுத்தால் 1800-11-2526 என்ற இலவச எண்ணில் புகார் பதியலாம், அதிலும் தீராவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம். கிளெய்மைப் பணம் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், அதைத் தாண்டவிடாதீர்கள்.

ஒருவேளை அம்மாவால் இனி அந்த வேலைக்கே போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 என்றால் வருடத்துக்கு 15 நாள் கூலி, 9,000 ரூபாய், 11 வருடத்துக்கு 99,000. நோயாலோ விபத்தாலோ அந்த வேலை செய்ய முடியாமல் போய் நின்றால் 5 வருடம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. மூன்று வருடம் வேலை செய்தவருக்கும் உண்டு, மில்கள் இதைச் சொல்வதில்லை. நிரந்தரமாக முழுவதும் இயலாமல் போனால் பி.எஃப் ஓய்வூதியத்துக்கும் 10 வருடம் தேவையில்லை.

ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கும் சுருக்கமாக. மாதச் சம்பளம் 21,000க்கு மேல் போனாலோ (மாற்றுத்திறனாளிக்கு 25,000), 10 பேருக்குக் குறைந்த இடமானாலோ ஈஎஸ்ஐ பொதுவாக வராது. ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது, முதல் வருடத்திலிருந்தே. 6 மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கவும் முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் போன்ற அரசு நிறுவன ஊழியருக்குப் பணிக்காலத்தில் ஊனம் வந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேறு வேலைக்கு மாற்றி அதே சம்பளம் தர வேண்டும். தனியார் மில்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதனால் அம்மா திரும்பும்போது லேசான வேலை கேட்பது பேசி வாங்க வேண்டிய ஒன்று. டிஸ்பென்சரி டாக்டரிடம் இறுதிச் சான்று வாங்கும்போதே, தூசு குறைந்த இடத்தில் வேலை தரலாம் என்று ஒரு வரி எழுதித் தரக் கேளுங்கள். கோன் வைண்டிங், பேக்கிங் போன்ற இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் மில்லுக்கும் ஒத்துக்கொள்ளச் சுலபம். இறுதிச் சான்றில் எந்தத் தேதியில் வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கிறதோ, அதே நாள், அதே ஷிப்டுக்கு கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளே விடவில்லை என்றால் அங்கேயே நேரத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே அதைக் கடிதமாக அனுப்புங்கள்.